கல்யாணத்துக்கு விறகு எங்கே எடுக்கலாம்: சொந்த விளை, ரப்பர், வெளியூர் லோடு, தென்னை மிச்சம், கேஸ்

தை பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் கல்யாண வீடுகளுக்கும் மண்டபங்களுக்கும் பின்னால் விறகு அடுக்குகள் உயர ஆரம்பித்துவிடும். கூடவே கேள்விகளும் வரும். ரப்பர் விறகு மலிவாகக் கிடைக்கிறதே, எடுக்கலாமா? ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து உடை (சீமைக்கருவேல்) விறகு ஒரு லோடு தருவதாகச் சொல்கிறார்கள், பரவாயில்லையா? விளையில் (வீட்டுத் தோட்டத்தில்) ஒரு பலாமரம் பட்டு நிற்கிறது, அதையே வெட்டிப் போட்டால் போதாதா? எதுவும் வேண்டாம் என்று கேஸ் எடுத்துவிடலாமா?

விலையை மட்டும் பார்த்தால் பத்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வீட்டைச் சுற்றித் தென்னையும் பலாவும் கொல்லாமரமும் (முந்திரி) நிற்கிற விளை இருக்கிறது. அந்த மரங்களுக்கு நடுவில்தான் வந்து இறங்குகிற லோடும் கிடக்கப்போகிறது. அதனால் பூச்சியையும் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

விறகில் பூச்சி வந்து என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததைக் கேட்க வேண்டும். 2002இல் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்தின் பக்கத்தில், ஆசியாவிலிருந்து வந்துசேர்ந்த பச்சை நிற வண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆஷ் என்கிற மரத்தின் பட்டைக்கு அடியில் அதன் புழு வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகும், மரம் சில வருஷத்தில் பட்டுவிடும். தன் சிறகை மட்டும் நம்பியிருந்தால் அந்த வண்டு மெதுவாகத்தான் பரவியிருக்கும். முகாம் போடப் போகிறவர்கள் காரின் பின்னால் வீட்டு விறகை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள், நாற்றுப் பண்ணைகளிலிருந்து மரங்கள் போயின, வண்டும் கூடவே மாநிலம் மாநிலமாகப் போய்விட்டது. கோடிக்கணக்கான மரங்கள் செத்தன. விறகை எடுத்துப்போகக் கூடாது என்று விதி போட்டு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, இனி பிடித்து நிறுத்த முடியாது என்று 2021 ஜனவரியில் அந்த நாட்டு மத்திய அரசு தன் தடையையே விலக்கிக்கொண்டது.

நம் பக்கத்து வண்டுகளும் சும்மா இல்லை. தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு (மேற்கே செல்லி என்பார்கள்) நமக்குப் பரம்பரைப் பூச்சி. அதுவே 2007இல் குவாம் தீவிலும் 2013இல் ஹவாயிலும் போய் இறங்கி, அங்கே அந்நிய எதிரியாகிவிட்டது. ஹவாயில் தென்னைக் கழிவையும் மட்கு உரத்தையும் இடம் மாற்றுவதற்கே கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். எதிர்த்திசையில் பார்த்தால், மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த யூப்ளாட்டிபஸ் பேரலலஸ் என்ற சின்னத் துளை வண்டு இப்போது கேரளத்து ரப்பர் மரங்களில் இருக்கிறது. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் அதையும் அதோடு சேர்ந்து வரும் பூஞ்சையையும் பதிவு செய்திருக்கிறார்கள். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் ரோட்டுக்குக் குறுக்கே செக்போஸ்ட் உண்டு, ரப்பர் தோட்டத்துக்குக் குறுக்கே ஒன்றும் கிடையாது. செக்போஸ்ட்டிலும் சீட்டைப் பார்ப்பார்களே தவிர பட்டையை உரித்தா பார்க்கப்போகிறார்கள்?

என் கட்சி இதுதான்: அடுப்புக்குள் போன விறகு எந்தப் பூச்சியையும் பரப்பாது. அடுப்புக்குப் போகாமல் மழையிலும் நிழலிலும் மாசக்கணக்கில் கிடக்கிற விறகுதான் பரப்பும். ஆகவே எந்த மரம் என்பதைவிட, எங்கிருந்து வந்தது, எவ்வளவு நாள் கிடக்கும் என்ற இரண்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

## எதை வைத்து எடை போடுவது

தூரம். அமெரிக்காவில் சொல்லும் கணக்கு: பத்து மைலுக்குள், அதாவது 16 கிலோமீட்டருக்குள் வெட்டின விறகு நல்லது, ஐம்பது மைல், 80 கிலோமீட்டர் என்றால் ரொம்பத் தூரம். இதை அப்படியே இங்கே போட்டால் தப்பாகிவிடும். களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை முழு மாவட்டத்தையும் அளந்தாலே அந்த எண்பதுக்குள் அடங்கிவிடும். அதற்குள் கீரிப்பாறை, கோதையாறு பக்கத்து மழைக்காடு இருக்கிறது, குலசேகரம் ரப்பர் இருக்கிறது, கடற்கரைத் தென்னை இருக்கிறது, கணவாயைத் தாண்டினால் முள்ளுக்காடு. ஒன்றில் இருக்கும் பூச்சி இன்னொன்றில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் இங்கே கிலோமீட்டரோடு நிறுத்தாமல், லோடு கணவாயையோ மாநில எல்லையையோ தாண்டி வருகிறதா, வனத்தை ஒட்டின இடத்திலிருந்து வருகிறதா, வனத்தை ஒட்டின இடத்துக்குப் போகிறதா என்பதையும் கேளுங்கள்.

பட்டையும் ஈரமும். விறகில் வரும் பூச்சியை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். முதல் கூட்டத்துக்குப் பட்டையும் ஈரமும் வேண்டும். யூப்ளாட்டிபஸ் வகையறா வண்டு மரத்தைத் தின்பதில்லை. துளை போட்டு, உள்ளே பூஞ்சை வளர்த்து, அந்தப் பூஞ்சையைத் தின்னும். மரம் காய்ந்தால் பூஞ்சை சாகும், பூஞ்சை செத்தால் வண்டுக்குச் சோறு இல்லை. மாவையும் பலாவையும் துளைக்கிற நீள்கொம்பு வண்டுகளின் புழுவும் பட்டைக்கு அடியில்தான் ஆரம்பிக்கும், ஆனால் அது பிடிவாதம் பிடித்தது, வெட்டிப் போட்ட தடிக்குள்ளேயே மாசக்கணக்கில் இருந்து வளர்ந்து வெளியே வரும். இந்தக் கூட்டம் உயிரோடு நிற்கிற மரத்துக்கு எதிரி. இரண்டாவது கூட்டம் காய்ந்த கட்டையைத் தேடி வருவது, மரத்தைப் பொடியாக்கும் வண்டுகள். இவை தோட்டத்தை விட்டுவிட்டு உங்கள் கட்டில், சன்னல் சட்டம், மூங்கில் ஏணி என்று கை வைக்கும். விறகைக் காயவைத்தால் முதல் கூட்டம் அடங்கும். இரண்டாவது கூட்டம் அடங்காது.

கிடக்கும் நாள். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. சென்னைக்காரர் மாதிரி வருஷத்தில் எட்டு மாசம் காய்கிற வெயில் நமக்கு இல்லை. தை, மாசி, பங்குனியில் வாங்கி அப்போதே எரித்து முடிக்கிற விறகும், வைகாசியில் வாங்கி ஓணம் வரை தார்ப்பாயின் கீழ் வியர்க்கிற விறகும் ஒன்றல்ல.

உண்மையான விலை. பச்சை மரத்தில் ஏறத்தாழப் பாதி எடை தண்ணீர். ஆயிரம் கிலோ பச்சை விறகு 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்து வரும்போது 625 கிலோ நிற்கும். ஆக, பச்சை விலையை 1.6ஆல் பெருக்கி, காய்ந்த விறகு விலையோடு வைத்துப் பாருங்கள். அதன்மேல் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பிளக்கிற கூலி. டெம்போ வாடகை தனி. மலிவு என்று சொன்ன லோடு பல நேரம் இந்த இடத்திலேயே மலிவை இழந்துவிடும்.

## சொந்த விளை அல்லது பக்கத்து விளை மரம்

பூச்சிக் கணக்கில் இதைத் தாண்ட எதுவும் இல்லை. அந்த மரத்தில் என்ன இருந்ததோ அது ஏற்கெனவே உங்கள் மண்ணில்தான் இருக்கிறது; புதிதாக ஒன்றையும் கொண்டுவரவில்லை. புளி, அயனி, மா, பலா, பூவரசு என்று கலந்து கிடைக்கும். கல்யாணச் சமையல்காரர்களில் புளி விறகு இல்லாமல் பாயசத்துக்கு வார்ப்பு (பெரிய சமையல் பாத்திரம்) ஏற்ற மாட்டேன் என்று நிற்கிறவர்கள் உண்டு. நின்று எரியும், கங்கு தாங்கும் என்பது அவர்கள் நியாயம், அதில் தப்பில்லை.

மறைந்திருக்கிற செலவு வேறு இடத்தில். விளை மரத்தை ஏன் வெட்டுகிறோம்? பெரும்பாலும் பட்டுப்போனதால்தான். ஏன் பட்டது என்று யாராவது பார்த்தார்களா? கொல்லாமரம் என்றால் அடித்தூரைக் குனிந்து பாருங்கள். பிசின் வழிந்து, அதோடு மரத்தூளும் சக்கையும் கலந்து வெளியே தள்ளியிருந்தால் தண்டு துளைப்பான். அந்த மரத்தை வெட்டி, தடியை மூலையில் சாத்தி வைத்து, அடுத்த மாசம் பார்ப்போம் என்று விட்டால், உள்ளே இருக்கும் புழு வண்டாகி வந்து நல்லா நிற்கிற அடுத்த மரத்தில் முட்டை போடும். தூரையும் வேரையும் மண்ணிலேயே விட்டாலும் அதே கதைதான். அதைத் தோண்டி எடுத்து, பிளந்து, உடனே எரித்துத் தீர்க்க வேண்டும். பட்ட மரத்தைக் கல்யாணத்துக்கு நாலு மாசம் முன்னால் வெட்டி அடுக்கி வைப்பது சிக்கனம் மாதிரி தெரியும், துளைப்பான் விழுந்த மரமாக இருந்தால் அது வண்டுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற வேலை. பூச்சி இல்லாமல் காற்றில் சாய்ந்த மரம் என்றால் தாராளமாக முன்னாலேயே வெட்டிப் பிளந்து காயப் போடுங்கள்.

இன்னொன்று, மலையோரக் கிராமம் என்றால் சொந்த மரமானாலும் வெட்டுவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் என்று 1949இலிருந்தே ஒன்று இருக்கிறது, சில நிலங்களுக்கு அது பொருந்தும்.

## ரப்பர் விறகு

மாவட்டத்தில் அதிகம் கைமாறுகிற விறகு இதுதான். ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்து ஓய்ந்ததும் தோட்டத்தை மொத்தமாக வெட்டி மறுநடவு செய்வார்கள். நல்ல தடி பிளைவுட் மில்லுக்கு, கேரளத்துப் பெரும்பாவூர் பக்கம் போய்விடும். கிளையும் நுனியும் கோணல் துண்டும் விறகாக நிற்கும். குலசேகரம், அருமனை, கடையால், பத்துகாணி என்று மலையோரம் முழுக்க இந்தக் கிளை விறகு டெம்போவில் இறங்கிக்கொண்டே இருக்கும். விலை குறைவு, சீக்கிரம் பற்றும், பிளக்க எளிது. ஆனால் புளியைப் போல நின்று எரியாது, அடிக்கடி தள்ளிக்கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் கூலி உண்டு.

இந்த மரத்துக்குள் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய. நமக்கு விருந்து வைப்பதற்கு முன்னால் பூஞ்சைக்கும் வண்டுக்கும் அது விருந்து வைத்துவிடும். வெட்டிச் சில நாளிலேயே குறுக்குவெட்டில் நீலமும் கருப்புமாகக் கறை ஏறும், அது பூஞ்சை. அதனால்தான் ரப்பர் மரத்தில் கட்டில், நாற்காலி செய்கிற கம்பெனிகள் பலகையை அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தம் கொடுத்து ஏற்றிவிடுகிறார்கள். விறகுக்கு யார் அதைச் செய்யப்போகிறார்கள்?

ஒரு ரப்பர் அடுக்குக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் கூர்ந்து பாருங்கள். பட்டையோடு இருக்கும் ஈரத் துண்டில், குண்டூசித் தலை அளவுத் துளையிலிருந்து வெள்ளைத் தூள் ஒரு இடியாப்ப நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால், உள்ளே முதல் கூட்டம் வேலை செய்கிறது. கை பட்டால் உதிரும், காற்றடித்தாலும் உதிரும், மறுநாள் மறுபடி நீட்டும். காய்ந்த துண்டில் அப்படி நூல் வராது. துண்டுக்குக் கீழே தரையில் நைசான தூள் சின்னக் குவியலாக விழுந்திருக்கும். தட்டினால் இன்னும் கொட்டும். அது இரண்டாவது கூட்டம். கடைக்காரரிடம் காட்டினால், "ரப்பருன்னா அப்படித்தான் அண்ணாச்சி, எரியும்போது எல்லாம் போயிரும்" என்பார். அவர் சொல்வது உண்மைதான், எரித்தால் போய்விடும். எரிக்கிற வரைக்கும்தான் பிரச்சினை.

ஆகவே ரப்பர் விறகு எப்போது சரி? கல்யாணத்துக்கு முந்தின வாரம் இறக்கி, அதே வாரத்தில் தீர்ந்துபோகிற அளவு எடுத்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை. நீங்களே குலசேகரத்துக்காரர், பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிறார்கள் என்றால் இன்னும் நல்லது. வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது இரண்டு பேருக்கு. ஒருவர், சொந்தமாக ரப்பர் நட்டிருப்பவர், எல்லை தாண்டின தோட்டத்திலிருந்து பட்டையோடு வரும் கிளை விறகை மலிவு என்று இறக்குகிறவர். அவர் தன் மரத்துக்குத் தானே நோயை டெம்போ வாடகை கொடுத்து வரவழைக்கிறார். இன்னொருவர், வீட்டுச் சாய்ப்பில், மரக் கதவுக்கும் தட்டட்டிப் பலகைக்கும் பக்கத்தில், ஒரு வருஷ அடுப்புக்கு வேண்டிய ரப்பர் விறகை அடுக்கி வைக்கிறவர்.

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்ததும், அதன் பிறகு விறகு கேட்பாரற்றுக் கிடந்ததும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி சமயத்தில் ஓசியில் கிடைக்கிறது என்று வண்டி பிடித்துத் தூர ஊர்களுக்குக் கொண்டுபோகத் தோன்றுவது இயல்பு. சாய்ந்து ஈரத்தோடு கிடக்கிற மரத்தைத்தான் துளை வண்டு முதலில் தேடி வரும் என்பதால், அந்த மாதிரி சமயத்தில்தான் ரொம்ப யோசிக்கவும் வேண்டும்.

## கணவாய்க்கு அப்பாலிருந்து, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் லோடு

கிழக்கே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வருவது பெரும்பாலும் உடை, அதாவது சீமைக்கருவேல். எரிதிறனில் இதை அடித்துக்கொள்ள முடியாது. கட்டி மரம், நல்ல சூடு, காய்ந்த பூமியிலிருந்து வருவதால் ஈரமும் குறைவு. அந்த 1.6 கணக்கைப் போட்டால் விலை அதிகமாகத் தெரிந்த உடை, பச்சை ரப்பருக்குச் சமமாக வந்து நிற்கும், சில சமயம் கீழேயும் இறங்கும். செங்கல் சூளைக்காரர்களும் பெரிய ஓட்டல்காரர்களும் இதைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

பூச்சி இல்லாமலும் இல்லை. உடைக் கட்டையிலும் காய்ந்த மரத்து வண்டு விழும். அதைவிட எனக்குப் பயம் லோடுக்கு அடியில் வரும் நெற்று. காய்ந்த காய் நாலு உங்கள் முற்றத்தில் விழுந்தால் ஆடு தின்னும், மாடு தின்னும், சாணத்தோடு விதை வேறிடம் போய் முளைக்கும். பூச்சிக்கு முன்னால் அந்த மரமே அந்நியப் படையெடுப்புத்தான், தோவாளைக்கு மேற்கே அதை நாமே சுமந்துகொண்டு வர வேண்டுமா? இறக்கின இடத்தைப் பெருக்கி, குப்பையை அடுப்பிலேயே போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் லோடு இறக்குகிற அன்று துடைப்பம் எடுக்கிறவரை நான் பார்த்ததில்லை.

மேற்கே கேரளத்திலிருந்து வருவது வேறு மாதிரி. அது ஈர மரம், பட்டையோடு கலந்த கட்டை, ரப்பரும் காட்டு மரமும் தெரியாத மரமும் சேர்ந்த லோடு. நம் காலநிலையும் அவர்கள் காலநிலையும் ஒன்று, மரங்களும் ஒன்று, ஆகவே அங்கிருந்து வரும் பூச்சிக்கு இங்கே பழகிக்கொள்ள ஒரு நாள்கூடத் தேவைப்படாது. உடையில் வருகிற வண்டுக்குப் பேச்சிப்பாறைக் காட்டில் ஒத்துப்போகாமல் இருக்கலாம். கேரளத்து ரப்பரில் வருவதற்கு நிச்சயம் ஒத்துப்போகும். இந்த ஐந்தில் நான் தவிர்க்கச் சொல்வது ஒன்றே ஒன்றென்றால், இந்த மேற்கத்திய பட்டை விறகு லோடுதான். இன்ன மரம் என்று சொல்லத் தெரியாத கலப்பு லோடு என்றால் விலை பாதியானாலும் வேண்டாம். சரணாலயத்துக்குள்ளிருந்து எடுத்த மரமாக இருந்தால் பூச்சி மட்டுமில்லை, வழக்கும் சேர்ந்து வரும்.

## தென்னை மிச்சம்: மட்டை, கொதும்பு, சிரட்டை

தினசரி அடுப்புக்கும் வெந்நீருக்கும் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை) பற்றவைக்க, மட்டை கொதிக்கவைக்க, சிரட்டை கங்குக்கு. மூன்றும் சீக்கிரம் காயும், துளை வண்டுக்கு இவற்றில் வேலை கிடையாது. கருப்பட்டிக்கு அக்கானி (பதநீர்) காய்ச்சுகிறவர்கள் ஓலையும் சுள்ளியும் வைத்தே ஒரு பருவத்தை ஓட்டுகிறார்கள். கல்யாணத்துக்கு மட்டும் போதாது. நானூறு பேருக்குச் சோறு வடிக்க மட்டையைத் தள்ளிக்கொண்டே இருந்தால் அடுப்படி ஆள் முறைப்பார்.

பச்சை ஓலையோடு மட்டையை வேற்றூரிலிருந்து கொண்டுவருவதைத் தவிர்த்துவிடுங்கள். 2016இல் பொள்ளாச்சிப் பக்கத்திலும் கேரளத்திலும் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ ஓலைக்கு அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெரிய எச்சரிக்கை தென்னந்தடிக்கு. தென்னை சாய்ந்தால் தடியை விறகாக்கலாம் என்று துண்டு போட்டு விளை ஓரத்தில் உருட்டி விடுகிறோம், பச்சையில் அது எரியாது, மழை வருகிறது, தடி உள்ளே மட்க ஆரம்பிக்கிறது. காண்டாமிருக வண்டு முட்டை போடத் தேடுகிற இடம் இதுவேதான்: மட்கின தென்னந்தடி, சாணக்குழி, உரக்குழி. சில மாசத்தில் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கொழுத்த புழு சுருண்டு கிடக்கும். அப்புறம் அது வண்டாகிப் பக்கத்துத் தென்னையின் குருத்தை வெட்டும், விசிறி மாதிரி கத்தரித்த ஓலை விரியும்போதுதான் நமக்குத் தெரியும். சிவப்புக் கூன் வண்டு விழுந்து செத்த தென்னை என்றால் கொண்டைப் பகுதியை அன்றைக்கே பிளந்து எரிக்க வேண்டும், கூட்டுப்புழு அதற்குள்தான் இருக்கும். மிச்சத் தடியைப் பிளந்து செங்கல்மேல் அடுக்கிக் காயவைத்து மழைக்கு முன் எரிக்க முடியுமானால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாது என்றால் சூளைக்காரருக்குச் சும்மா கொடுத்தாலும் லாபம்தான்.

## கரி, மரத்தூள் கட்டி, கேஸ்

கரியும், மரத்தூளை அழுத்திச் செய்கிற பிரிக்கெட் கட்டியும் பூச்சிக் கணக்கில் சுத்தம், உயிரோடு எதுவும் அந்தச் சூட்டைத் தாண்டி வராது. பிரிக்கெட் மழையில் நனைந்தால் கஞ்சியாகிவிடும், கரி கல்யாணச் சமையலுக்கு ஒத்துவராது, பேக்கரிக்கும் டீக்கடைக்கும் சரி. அண்டி ஆபீஸிலிருந்து, அதாவது முந்திரிக்கொட்டை ஆலையிலிருந்து, வரும் தோட்டை வீட்டடுப்பில் போடவே போடாதீர்கள். அதன் எண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும். அது சூளைக்கும் பாய்லருக்கும்.

கேஸுக்குக் கணக்கு இப்படி வரும். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று, திறந்த அடுப்பில் 200 முதல் 300 கிலோ காய்ந்த விறகு செய்கிற வேலையைச் செய்யும். அடுப்பு எவ்வளவு மோசமோ அவ்வளவு அதிக விறகு. இந்த ஒப்பீட்டை உங்கள் ஊர் விலையில் போட்டுப் பார்த்தால், வெளியூரிலிருந்து கூலி கொடுத்து இறக்குகிற விறகைவிட கேஸ் அத்தனை விலையாகத் தெரியாது. புகை இல்லை, மிச்சம் விழாது, பூச்சிக்கு வழியே இல்லை. பெரிய வார்ப்புக்குத் தக்க பர்னர் வாடகை, நடுவில் சிலிண்டர் தீர்ந்தால் மாற்று, சமையல்காரரின் முகச்சுளிப்பு, இவை மறைந்த செலவு. ஓட்டல்காரருக்கும், வனத்தை ஒட்டி விடுதி நடத்துகிறவருக்கும் நான் யோசிக்காமல் இதையே சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| விறகு | பூச்சி ஆபத்து | மறைந்த செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|
| சொந்த விளை மரம் | மிகக் குறைவு, துளைப்பான் விழுந்த மரம் தவிர | வெட்டு, பிளப்பு, காயவைக்கும் காலம் | விளை உள்ள எல்லோருக்கும் |
| பக்கத்து ரப்பர் | நடுத்தரம். கிடந்தால் அதிகம் | ஈர எடை, தள்ள ஆள் | ஒரே வாரத்தில் தீர்ப்பவருக்கு |
| கிழக்கு உடை | குறைவு. நெற்று கவனம் | வண்டி வாடகை | சூளை, பெரிய அடுப்பு |
| கேரளப் பட்டை விறகு | அதிகம் | ஈரம், வாடகை, தெரியாத மரம் | யாருக்கும் வேண்டாம் |
| மட்டை, கொதும்பு, சிரட்டை | மிகக் குறைவு. தடி மட்டும் ஆபத்து | ஆள் பொழுது | தினசரி அடுப்பு |
| கேஸ் | இல்லை | பர்னர் வாடகை | ஓட்டல், வன ஓர விடுதி |

## ஏற்கெனவே இறக்கிவிட்டீர்கள் என்றால்

தூள் நூலாக நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளைத் தனியாகப் பொறுக்கி, முதல் அடுப்பிலேயே போடுங்கள். அவற்றைத் திருப்பி அனுப்பாதீர்கள், இன்னொருவருக்கும் தள்ளிவிடாதீர்கள். பட்டை எளிதாக உரிந்து வந்தால் உரித்து அதையும் எரியுங்கள். தடியைப் பிளந்தால் காய்வது பல மடங்கு வேகம், ஈரம் தேடும் கூட்டம் அதிலேயே பாதி அடங்கும். அடுக்கைத் தரையில் வைக்காமல் செங்கல்லின் மேல், தென்னை, கொல்லா மூட்டிலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் தள்ளி, காற்று புகும்படி வையுங்கள். மேலே மட்டும் மூடுங்கள். நாலு பக்கமும் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினால் உள்ளே வேர்த்து பூஞ்சைக்குத்தான் உதவி. பங்குனி வெயிலில், தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடி வாரக்கணக்கில் வேகவிடுகிற முறையும் உண்டு. கலிபோர்னியாவில் துளை வண்டுக்கு அதைச் சொல்கிறார்கள், அது நல்ல வெயிலில் மட்டும் நடக்கிற காரியம். நம் ஆடி மாசத்தில் அதை முயன்றால் காளான்தான் வளரும். கப்பலில் போகிற மரப்பெட்டிகளுக்கு உலகம் முழுக்க இருக்கும் விதி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் முழுசாக 30 நிமிஷம் இருக்க வேண்டும் என்பது. முற்றத்து வெயில் ஒரு கட்டையின் நடுவுக்குள் அவ்வளவு சூட்டை அனுப்பாது.

விறகுக்கடைக்கு ஃபோன் போடும்போது விலைக்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்: எந்த ஊர்த் தோட்டத்தில் வெட்டினது, வெட்டி எத்தனை மாசம், பட்டையோடு இருக்கிறதா உரித்ததா, பிளந்ததா உருளையா, எடை போடுவது பச்சையிலா காய்ந்த பிறகா. எந்த ஊர் என்று கேட்டதும் "எல்லாம் நம்ம பக்கந்தான்" என்று மழுப்பினால் அடுத்த கடைக்குப் பேசுங்கள். அளவைச் சமையல்காரரிடம் கேட்டு, அவர் சொல்வதில் கொஞ்சம் குறைத்தே எடுங்கள், அவர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள். கடைசி வார்ப்பு இறங்கும்போது விறகு பற்றவில்லை என்றால் மட்டையும் சிரட்டையும் இருக்கிறது.